கல்லுமேட்டில் ஒரு பெயர்க்கல்

லண்டன் பிளேஸ்டோவில் செபஸ்தியாம்பிள்ளை என்று விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. சேமக்காலைச் செபஸ்தி என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். பட்டம் வைப்பதில் நம்முடைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். கடல் தாண்டி வந்தும் எத்தனையோ பழக்கத்தை விட்டார்கள், இதை மட்டும் விடவில்லை. மனுசனுக்கு அந்தப் பெயர் வந்தது கல்லறைகளைத் துப்பரவாக்கியதால்தான்.

ஆத்துமாக்கள் திருநாள் நவம்பர் இரண்டாம் திகதி வரும். மன்னார்ப் பக்கத்தில் அதற்கு முந்தின கிழமையே மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகச் சனம் சேமக்காலை என்கிற கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கிவிடும். புல்லைப் பிடுங்கி, சரிந்த சிலுவையை நிமிர்த்தி, வெள்ளையடித்து, திருநாளன்று பின்னேரம் கல்லறைக்குக் கல்லறை மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஒரு கல்லறை புல் மண்டிக் கிடந்தால் அந்த வீட்டுக்கு அதைவிட மானக்கேடு இல்லை. லண்டனில் அதெல்லாம் எங்கே நடக்கிறது? அன்றைக்குக் கறுப்புக் கோட்டோடு வருவார்கள், கடையில் வாங்கிய பூவை உறை கழற்றாமலே வைப்பார்கள், நாலு படம் எடுப்பார்கள், பார்க்கிங் நேரம் முடிகிறது என்று ஓடிவிடுவார்கள்.

செபஸ்தியாருக்கு அது பொறுக்கவில்லை. பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை அவருக்கு. ஒக்டோபர் கடைசியில் லீவு போட்டுவிட்டு, ஒரு வாளி, கம்பி பிறஷ், மேசன் கரண்டி, மெழுகுதிரிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சேமக்காலைக்குப் போவார். தமிழ்ப் பெயர் கிடக்கிற கல்லறைகளை முதலில் முடிப்பார். பிறகு பக்கத்தில் ஆள் தேடாமல் கிடக்கும் ஐரிஷ்காரன், போலந்துக்காரன் கல்லறைகளிலும் கை வைப்பார். பாசி போகத் தேய்த்து, சாய்ந்த கல்லுக்கு அண்டை கொடுத்து, ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டுத்தான் நகர்வார்.

"ஏன் அண்ணை, உங்கடை ஆக்கள் ஆர் இஞ்சை கிடக்கினம்?" என்று ஆரும் கேட்டால் சிரிப்பார்.

"ஒருத்தருமில்லை. அதுதான் எல்லாருக்கும் செய்யிறன்."

அப்போது அது பகிடி. மகன் டெனுசன் போனபிறகு ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

செபஸ்தியாரின் தகப்பனைக் கடல் கொண்டுபோனது. தமையனையும் கடல்தான் கொண்டுபோனது. தான் பெறுகிற பிள்ளை வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் அவர் லண்டனுக்கு வந்தார். பிள்ளை படித்தான், பொறியியலாளர் ஆனான், கோட்டுப் போட்டு ஒரு கந்தோரில் இருப்பான் என்று தகப்பன் கனவு கண்டுகொண்டிருக்க, ஸ்கொட்லாந்தின் வடக்கு அந்தத்தில், கடலுக்குள் நாட்டியிருக்கும் காற்றாலைகளைப் பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். செபஸ்தியார் ஒரு கிழமை அவனோடு பேசவில்லை.

"கடலுக்கு மேலைதான் அப்பா நிக்கிறன், கடலுக்குள்ளை இல்லை," என்று சொல்லித் தகப்பனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

அங்கே அவன் வாடகைக்கு இருந்த வீட்டில் போன் வேலை செய்யாது. பின்னால் இருக்கும் மேட்டில் ஏறவேண்டும். மேட்டின் உச்சியில் ஒரு பெரிய கற்குவியல். அதில் சாய்ந்து நின்றுதான் ஒவ்வொரு பின்னேரமும் தாயோடு கதைப்பான். "கல்லுமேட்டிலை நிக்கிறன் அம்மா. காத்து ஆளைத் தூக்குது. கெதியாச் சொல்லுங்கோ, என்ன கறி?" என்பான். தாய் அருமைநாயகி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்த அழைப்புக்காகக் காத்திருப்பாள். அது என்ன கல்லுமேடு என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, "ஏதோ பழங்காலத்துக் கல்லு" என்றான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை.

மே மாதம் பதினேழாம் திகதி பின்னேரமும் அங்கிருந்துதான் பேசினான். நல்ல வெயில், தூண்டிலோடு பாறைக்குப் போகப் போறன் என்றான். அடுத்த நாள் பாறையில் தூண்டிலும் பையும் இருந்தன. ஆள் இல்லை. படகு தேடியது, ஹெலிகொப்டர் தேடியது. கடல் ஒரு சட்டைத் துண்டைக்கூடத் திருப்பித் தரவில்லை.

அருமைநாயகி அன்றைக்குச் சொன்னதுதான், பிறகு மாற்றவே இல்லை. "உடம்பைக் காணாமல் என்ரை பிள்ளைக்கு ஆரும் ஆத்துமப் பூசை குடுக்கப்படாது." பங்குச் சுவாமியார் வந்து இதமாகப் பேசிப் பார்த்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாளே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அவர்களுடைய வீட்டில் திருஇருதயப் படத்துக்குக் கீழே, சிவப்பு பல்ப்புக்கு அருகில், செத்தவர்களின் படங்கள் இருக்கும். டெனுசனின் படம் அங்கே போகவில்லை. ரீவி மேசையில், தங்கச்சி பெனிற்றாவின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், உயிரோடு இருப்பவர்களுடன் இருந்தது. நத்தாருக்கு அவனுக்கும் ஒரு சட்டை வாங்கி, ஸ்திரி போட்டு மடித்து வைப்பாள்.

செபஸ்தியார் அவளோடு வாக்குவாதப்படவில்லை. கடற்கரையில் வளர்ந்தவருக்குப் பிள்ளை இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நிற்க ஒரு இடம். வாழ்க்கை முழுக்க மற்றவர்களுடைய கல்லறைக்குத் திரி கொளுத்திய மனுசன், தன் பிள்ளைக்கென்று ஒரு திரியை ஊன்ற ஒரு சாண் நிலமில்லாமல் நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது அவரைத் தின்றது.

யாருக்கும் சொல்லாமல், பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில், ஒரு கடையில் பெயர்க்கல் ஒன்று வெட்டுவித்தார். கறுப்புக் கருங்கல், ஒரு புத்தகத்தின் அளவு. மகனின் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. வீட்டுக்குக் கொண்டுபோகத் துணிவு வரவில்லை. டிப்போவில் தன்னுடைய அலுமாரிக்குள் ஒரு துவாயில் சுற்றி வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார்.

மூன்றாம் வருஷம் மே மாதம் பெனிற்றா தகப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனாள். அருமைநாயகி வாசலில் நின்று சொன்னாள்: "தேடப் போறதெண்டால் நானும் வாறன். அழப் போறதெண்டால் நான் வரேல்லை." இரண்டு பேரும் காரில் ஏறினார்கள். அவள் கதவைச் சாத்தினாள். காரின் பின்பக்கத்தில் துப்பரவுப் பை இருந்தது. அதற்குள் மெழுகுதிரிகளுக்கு அடியில் துவாய்ச் சுற்றும் இருந்தது.

கல்லுமேட்டில் ஏறியபோது செபஸ்தியாருக்கு மூச்சு வாங்கியது. மரம் என்ற பேச்சே இல்லாத ஊர். பழுப்புப் புல், ஈரம், செம்மறியாடுகள், அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் கடல். உச்சியில் வட்டமாய்க் குவித்த கல்லு, வீடளவு பெரிது. ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. நடுவில் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வாய். பக்கத்தில் பலகை ஒன்று நட்டிருந்தது. பெனிற்றா காற்றில் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

"அப்பா, இதொரு சேமக்காலை! ஐயாயிரம் வருஷமாம். உள்ளுக்கு அறை கட்டி, செத்த ஆக்களின்ரை எலும்புகளை வச்சிருக்கினம்."

பலகையில் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு கல்லையும் அசைக்கக்கூடாது என்று. குளிர் எலும்புக்குள் இறங்கியதில் அவள் அதை வாசிக்காமலே காருக்கு ஓடிவிட்டாள். செபஸ்தியாருக்கு இங்கிலிஷ் வாசிக்க வரும், ஆனால் அவருடைய கண் பலகையில் இல்லை. சரிந்த கல்லையும் மண்டிய புல்லையும் வாசலில் கிடந்த ஆட்டுப் புழுக்கையையும் பார்த்தபடி நின்றார். என்ரை பிள்ளை ஒவ்வொரு நாளும் சாய்ந்து நின்ற கல்லறையை இப்படியா போட்டு வைப்பார்கள் என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் பெனிற்றா தமையன் இருந்த வீட்டுக்காரியைப் பார்த்து, மிச்சச் சாமான்களை எடுக்கப் போகவேண்டியிருந்தது. போகும் வழியில் செபஸ்தியார் ஒரு கடையில் காரை நிறுத்தச் சொல்லிச் சின்னப் பை சீமெந்து வாங்கினார்.

"எதுக்கப்பா இது?"

"வீட்டு வாசல்படி உடைஞ்சுபோய்க் கிடக்கெல்லே."

லண்டனில் சீமெந்துக்குப் பஞ்சமா என்று அவள் கேட்டிருக்கலாம். தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. மேட்டடியில் அவரை இறக்கிவிட்டுப் போனாள்.

செபஸ்தியார் ஜக்கெற்றைக் கழற்றிக் கல்லொன்றின்மேல் வைத்தார். பிறகு தனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினார். புல்லை வேரோடு பிடுங்கினார். வாசல் கல்லுகளில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படர்ந்திருந்த பாசியைக் கம்பி பிறஷால் தேய்த்தார், கல்லு புதுக்கல்லாய்ப் பளிச்சென்று வரும்வரை. சரிந்து கிடந்தவற்றைத் தூக்கிப் பொருந்துகிற இடத்தில் அடுக்கினார். உள்ளே தவழ்ந்து போனால் முழங்காலில் நிற்க இடம் இருந்தது. வாசலைப் பார்த்தபடி நின்ற பெரிய பலகைக்கல்லில் சீமெந்து குழைத்துப் பெயர்க்கல்லைப் பதித்தார். மெழுகுதிரி கொளுத்திவைத்துச் செபமாலை முழுவதும் சொன்னார். முடிகிற நேரத்தில், "என்ரை ராசா" என்று ஒரு சத்தம் அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. மூன்று வருஷம் அடக்கிவைத்த அழுகையை அந்தக் கல்லறைக்குள் அழுது தீர்த்தார்.

பெனிற்றா திரும்பி வந்தபோது அவர் வெளியே இருந்து கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கற்களைப் பார்த்தாள். பலகையை முழுக்க வாசித்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறீங்கள்?"

மகள் அசந்துபோய்க் கேட்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். "இப்பத்தானே மோளே பாக்க ஒரு வடிவாய்க் கிடக்கு," என்றார். அந்த முகத்தில் கிடந்த நிம்மதியை மூன்று வருஷத்துக்குப் பிறகு காண்கிறாள். உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இந்த மூலையில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, லண்டன் வரைக்கும் வாய் திறக்காமல் கார் ஓட்டினாள்.

பார்த்தார்கள். அந்த ஊரில் மாதத்துக்கு ஒருமுறை மேட்டை வந்து பார்த்துவிட்டுப் போக ஆள் இருந்தது. குற்றம் செய்கிறவன் தன் வீட்டுப் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்துவிட்டுப் போவதில்லை. அதனால் பொலிசுக்கு மினைக்கெட வேண்டி வரவில்லை. காணாமல்போன டெனுசனின் விபரம் அவர்களிடமே இருந்தது.

யூலை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிளேஸ்டோ வீட்டு மணி அடித்தது. பொலிஸ்காரர் ஒருவரும், வடக்கிலிருந்து தொல்பொருள் அலுவலகத்துப் பெண் ஒருத்தியும் நின்றார்கள். கதவைத் திறந்தது அருமைநாயகி. பொலிஸ் உடுப்பைக் கண்டவுடன் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"பிள்ளையைக் கண்டுபிடிச்சிட்டியளோ?"

பெனிற்றா மாடியிலிருந்து ஓடிவந்து தாயைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் நல்லவள். அவளுக்கே அந்த நிமிஷம் சங்கடமாய்ப் போய்விட்டது. எல்லாரையும் இருத்தி, மெதுவாகப் பேசி, கடைசியில் சில படங்களை மேசையில் வைத்தாள். சுரண்டிய கற்கள். அடுக்கிய சுவர். பிறகு பெயர்க்கல், வெளிச்சம் பட்டு, எழுத்தெல்லாம் தெளிவாய்.

அருமைநாயகி அந்தப் படத்தைக் கையிலெடுத்துக் கனநேரம் பார்த்தாள். மகனின் பெயருக்குக் கீழே இரண்டு திகதி. இரண்டாவதைப் போட்டது தன்னுடைய புருசன் என்று அவளுக்கு விளங்க ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. படத்தை வைத்துவிட்டு எழும்பிச் சமையலறைக்குள் போனாள். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு வேறு சத்தமில்லை.

எந்தக் கல்லு முதலில் எங்கே கிடந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். செபஸ்தியாருக்குச் சொல்லத் தெரியவில்லை. சரிந்ததை அடுக்கினேன் என்றார். சரிந்து கிடந்த விதத்தில்தான் நாங்கள் படிக்க வேண்டியது எல்லாம் இருந்தது என்று அவள் சொன்னதைப் பெனிற்றா தமிழில் சொன்னாள். அந்தப் பாசி அப்படிப் படர நூற்றுக்கணக்கான வருஷம் எடுக்கும், இனி அது நம்முடைய காலத்தில் திரும்பி வராது என்றும் சொன்னாள். செபஸ்தியார் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் துப்பரவாக்கினனான்," என்றார். "ஒருத்தருமில்லாத கல்லறையெண்டு நினைச்சன். அதுக்குள்ளை கிடக்கிற ஆக்களிட்டை மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லு, மோளே."

பெனிற்றா சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு மறுமொழி சொன்னாள். உள்ளே இப்போது யாருமில்லை. எலும்புகளையெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள்.

"அப்ப அது வெறும் குழியோ?" என்றார் செபஸ்தியார். பெனிற்றா அதை மொழிபெயர்க்கவில்லை.

வழக்குப் போடவில்லை. எச்சரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கல்லுக் கொத்துகிறவர் ஒருவரைக் கொண்டு பெயர்க்கல்லைப் பக்குவமாய்க் கழற்றி, தபாலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கதை கோயிலுக்குள் பரவ ஒரு கிழமை காணும். சேமக்காலைச் செபஸ்தியைச் சேமக்காலையே பொலிசில் பிடித்துக் கொடுத்துவிட்டது என்று கோயிலின் பின் வரிசையில் இருந்து சிரித்தார்கள். அவர் காதுபடவே சிரித்தார்கள். ஒக்டோபர் வந்தபோது அவர் லீவு கேட்கவில்லை. பை மாடிப்படியின் கீழே கிடந்தது.

வீட்டில் அருமைநாயகி அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. சண்டை பிடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சோறு போட்டாள், கறி ஊற்றினாள், முகத்தைப் பார்க்கவில்லை. தானே பிள்ளையைக் கொன்றுவிட்டதுபோல அவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சாப்பிட்டு எழும்பினார்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும். வேலை முடிந்து வந்தவர் வாசலில் ஜக்கெற்றைக் கொழுவப்போனார். சமையலறையில் கரகரவென்று சத்தம். கொழுவாமலே போய்ப் பார்த்தார். மேசையில் கிழித்த பார்சல் பெட்டி. அருமைநாயகி சிங்குக்கு முன்னால் நின்று, அவருடைய கம்பி பிறஷால் பெயர்க்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லின் முதுகில் சீமெந்து கட்டிபட்டுக் கிடந்தது. ஒரு மூலை உடைந்திருந்தது. சட்டைக் கை முழுக்க நனைந்து, விரல் மூட்டெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"விடும், நான் செய்யிறன்," என்றார்.

"நானல்லோ பெத்தனான்," என்றாள். திரும்பவில்லை.

அவர் நின்றார். தண்ணீர் சாம்பல் நிறமாய் ஓடி, பிறகு தெளிந்து ஓடியது. கல்லைத் திருப்பி, முந்தானையும் சேலையும் இல்லாத ஊரில், போட்டிருந்த கம்பளிச் சட்டையின் ஓரத்தால் மகனின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது.

"திகதி பிழை."

"அண்டைக்குத்தானே அருமை, பின்னேரம் போன் எடுத்தவன். அதுக்குப் பிறகு..."

"போன் எடுத்ததுதான் பதினேழு." அவள் முதல்தரம் அவருடைய முகத்தைப் பார்த்தாள். "என்ரை பிள்ளை வடிவா நீந்துவான். கடல்காரன்ரை பிள்ளை. உடனை போயிருக்கமாட்டான். ஒரு ராவெண்டாலும் தாக்குப் பிடிச்சிருப்பான். பதினெட்டெண்டு வெட்டச் சொல்லுங்கோ. வெட்டிக்கொண்டு வாங்கோ, திருஇருதயப் படத்துக்குக் கீழை வைப்பம். சுவாமியிட்டைச் சொல்லிப் பூசையும் குடுப்பம்."

மூன்று வருஷமாய் அவர் மனதுக்குள் மன்றாடியதெல்லாம் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டது. ஆனால் செபஸ்தியார் வடக்கே போயிருந்தபோது அந்தப் பாறையடியில் இறங்கித் தண்ணீருக்குள் கை விட்டுப் பார்த்தவர். மே மாதத்திலும் விரல் அந்த இடத்திலேயே மரத்துப்போனது. அந்தத் தண்ணிக்குள் ஒரு மனுசனுக்கு ஒரு இரவு இல்லை. கடவுளே, என்ரை பிள்ளைக்கு எல்லாம் சட்டென்று முடிந்திருக்கவேண்டும், அவன் ஆரையும் கூப்பிட்டிருக்கக்கூடாது என்று அவர் ஒவ்வொரு நாளும் செபித்துவந்தார். அவருக்கென்று மிஞ்சியிருந்த ஆறுதல் அது ஒன்றுதான். தாய் கேட்கிற அந்த ஒரு நாளைக் கொடுத்தால், பிள்ளை விடியுமட்டும் அந்தக் கடலில் கிடந்து கத்தியதாக அவரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"ஓம்," என்றார். "மாத்துவம்."

கல்லைப் பழைய துவாயில் சுற்றிக்கொண்டு, கடை பூட்டுமுன் போய்விடவேண்டுமென்று பஸ்ஸில் அந்தக் கல்லு வெட்டுகிற கடைக்குப் போனார். கடைக்காரர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டினதை அழிக்க ஏலாது, புதுக்கல்லுத்தான் போடவேணும் என்றார். செபஸ்தியார் சரியென்று தலையாட்டினார்.

"திகதி என்னெண்டு போட, அண்ணை?"

செபஸ்தியார் கல்லிலிருந்த பழைய திகதியை விரலால் ஒருதரம் தடவினார். கடைக்காரர் பேனையோடு காத்திருந்தார். பிறகு செபஸ்தியார், பதினெட்டு என்று சொன்னார்.